வாட்டில் எடுத்த இரத்தம் எங்கே போகிறது? திருமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரச ஆஸ்பத்திரிகளின் ஆய்வுகூடங்களில் எம்.எல்.டி.யாக (மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக) வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு கேற்றடியில் யாராவது கையில் ஒரு ரிப்போர்ட்டோடு வந்து நிற்காத கிழமை இல்லை. "அக்கா, இதில என்ன எழுதியிருக்கு?" என்று தொடங்குவார்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான். அதனால் எழுதியே வைத்துவிட்டேன். எந்த மருந்து குடிப்பது என்பதை டொக்டரிடம் கேளுங்கள். லாப்புக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

காய்ச்சலோடு அம்மாவை வாட்டில் சேர்த்தோம். வந்த உடனே நாலைந்து போத்தலில் இரத்தம் எடுத்துவிட்டார்கள். ஏன் இவ்வளவு?

ஒவ்வொரு போத்தலும் ஒவ்வொரு மேசைக்குப் போகிறது. உறையாமல் இருக்க மருந்து போட்ட சின்னக் குழாய் எப்.பி.சி., அதாவது இரத்தத்தில் உள்ள குழியங்களின் எண்ணிக்கை, பார்க்க. உறைய விடும் குழாயில் இருந்து சீரம் பிரித்து சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி இருந்தால் கூடும் ஒரு புரதம்), சிறுநீரகம், டெங்கு போன்றவற்றைப் பார்ப்பார்கள். கொஞ்சம் பெரிதாக, உள்ளே மஞ்சள் திரவத்தோடு இருக்கும் போத்தல்தான் பிளட் கல்ச்சர், இரத்தத்தில் கிருமி உண்டா என்று வளர்த்துப் பார்க்க. அந்தத் திரவம் கிருமிக்குச் சாப்பாடு.

இரத்தத்தில் கிருமி பரவிய ஒரு பெரியவரில்கூட, ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் ஒன்றிரண்டு பற்றீரியாதான் இருக்கும். சில வேளை அதுவும் இருக்காது. அதனால்தான் ஒரு போத்தலுக்கு 8 முதல் 10 மில்லிலீற்றர் கேட்கிறோம். இரண்டு போத்தலுக்கு நாலு தேக்கரண்டி அளவு. உடம்பில் 5 லீற்றர் அளவுக்கு இரத்தம் இருக்கும்போது இதைப் பார்த்துப் பயப்பட ஒன்றும் இல்லை. "பாவம், வயசான மனுசி" என்று இரக்கப்பட்டு இரண்டு மில்லிலீற்றரோடு நிறுத்தினால், கிருமி இல்லாத இரண்டு மில்லிலீற்றர் நமக்குக் கிடைக்கக்கூடும். பிள்ளைகளுக்கு அளவு குறைவு.

இரண்டு கையிலும் குத்துவதற்கும் காரணம் உண்டு. நம் எல்லோருடைய தோலிலும் பற்றீரியா குடியிருக்கிறது. தோலை எவ்வளவு துடைத்தாலும் ஒன்றிரண்டு ஊசியோடு உள்ளே போய்விடலாம். இரண்டு இடத்தில் எடுத்த போத்தலிலும் ஒரே கிருமி வளர்ந்தால் அது பெரும்பாலும் உண்மையான தொற்று. ஒன்றில் மட்டும் தோல் கிருமி வந்தால் சந்தேகிக்க வேண்டும்.

எப்.பி.சி.யைப் பார்த்தே பற்றீரியாவா வைரஸா என்று சொல்ல முடியாதா?

ஊகிக்கலாம். வெண்குழியங்கள் கூடி, சி.ஆர்.பி.யும் எகிறினால் பற்றீரியா பக்கம் மனம் சாயும். வெண்குழியங்கள் குறைந்தால் டெங்கு போன்ற வைரஸ் நினைவுக்கு வரும். ஆனால் நெருப்புக்காய்ச்சலும் (டைபொயிட்) வெண்குழியத்தைக் குறைக்கும், அது பற்றீரியா. இது வீட்டில் புகை வருகிறது என்று சொல்வது மாதிரி. எரிவது விறகா சீலையா என்று புகைக்குத் தெரியாது.

கல்ச்சர் ரிப்போர்ட்டுக்கு ஏன் இத்தனை நாள்? இந்தக் காலத்தில் மெஷின் இல்லையா?

மெஷின் இருக்கிறது. போத்தலை 35 பாகை செல்சியஸ் சூட்டில் வைத்து, உள்ளே கிருமி மூச்சுவிட்டு வெளியேற்றும் காபனீரொட்சைட்டை 10 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும் மெஷின். ஆனால் கிருமியை அவசரப்படுத்த மெஷினால் முடியாது. அது வளர வேண்டும்.

பெரும்பாலான போத்தல்கள் முதல் 48 மணி நேரத்துக்குள் மணி அடித்துவிடும். அடித்த உடனே ஒரு துளியை எடுத்துக் கண்ணாடியில் பூசி கிராம் சாயம் போடுவோம். 1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க் டொக்டர் பேர்லினில் கண்டுபிடித்த முறை, இன்றுவரை எங்களுக்கு முதல் விளக்கு அதுதான். ஊதாவாகத் தெரிந்தால் ஒரு கூட்டம், இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் இன்னொரு கூட்டம். உருண்டையா கோலா என்பதையும் சேர்த்தால், எந்த மருந்தில் தொடங்கலாம் என்று டொக்டருக்குப் பாதி வழி தெரிந்துவிடும். இதைக் கடதாசியில் அடித்து அனுப்பக் காத்திருக்க மாட்டோம், வாட்டுக்கு நேரே போன் எடுப்போம். "இன்னும் ரிப்போர்ட் வரேல்ல" என்று நீங்கள் வெளியே கோபப்படும் நேரத்தில், உள்ளே மருந்து மாற்றி முடிந்திருக்கும்.

அப்புறம் தட்டில் வளர்க்க ஒரு நாள், எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்க்க இன்னொரு நாள். 5 நாள் முழுக்க ஒன்றும் வளராவிட்டால்தான் "வளர்ச்சி இல்லை" என்று எழுதுவோம்.

தட்டில் வளர்ப்பது என்றால் எதில்?

கடற்பாசியில். நோன்பு காலத்தில் கிண்ணியா, மூதூர் வீடுகளில் பால் விட்டுக் காய்ச்சி, துண்டு துண்டாக வெட்டி வைக்கும் அதே கடற்பாசிதான். சிரிக்காதீர்கள், உண்மை.

1881இல் ஜேர்மனியில் கிருமி ஆராய்ச்சியாளர் றொபேட் கோக்கின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த வோல்ட்டர் ஹெஸ்ஸ என்பவருக்கு ஒரு தலைவலி. கிருமி வளர்க்கும் ஜெலட்டின் வெயில் காலத்தில் உருகி ஓடியது. சில கிருமிகள் அதைக் கரைத்தும் குடித்தன. அவருடைய மனைவி ஃபேனி, "நான் வீட்டில் ஜெல்லிக்குப் போடும் அகாரைப் போட்டுப் பாருங்கள்" என்றாராம். யாவாவில் இருந்துவிட்டு வந்த ஓர் அயலவரிடம் அவர் படித்த பக்குவம் அது. அகார் இறுகிவிட்டால் நம் உடம்புச் சூட்டில் உருகாது. பெரும்பாலான கிருமிகளால் அதைச் செரிக்கவும் முடியாது. அடுத்த வருடமே காசநோய்க் கிருமி பற்றிய தன் கட்டுரையில் கோக் அகாரைக் குறிப்பிட்டார். ஃபேனியின் பெயரை எழுதவில்லை. எனக்கு இது இன்னும் ஆறாத கோபம்.

அகார் எடுக்கக்கூடிய பாசி இனம் ஒன்றுக்கு ஆங்கிலேயர் "சிலோன் மொஸ்" என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஆய்வுகூடத்தில் அகாரோடு இரத்தம், சத்து, உப்பு எல்லாம் சேர்ப்போம். இரத்தத்தைச் சூடாக்கிச் சேர்த்தால் தட்டு மண்ணிறமாகிவிடும், அதற்குப் பெயர் சொக்லட் அகார். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறையாவது ஏமாறுவார்கள்.

"வளர்ச்சி இல்லை" என்று வந்தது. ஆனால் காய்ச்சல் விடவில்லையே?

முதலில் ஒன்றைச் சொல்லுங்கள்: ஆஸ்பத்திரிக்கு வருமுன் பாமசியில் இரண்டு நாள் அன்டிபயோட்டிக் வாங்கிக் குடித்தீர்களா? பாதிப் பேர் தலையைச் சொறிவார்கள். நோயைத் தீர்க்க அந்த மருந்து காணாது, ஆனால் போத்தலில் கிருமி வளராமல் செய்ய அது போதும். குடித்திருந்தால் மறைக்காமல் வாட்டில் சொல்லுங்கள், குளிகை மட்டையையும் காட்டுங்கள். யாரும் ஏசினால் ஏசட்டும்.

வேறு காரணங்களும் உண்டு. வைரஸ் இந்தப் போத்தலில் வளரவே வளராது, அதற்கு உயிருள்ள கலம் வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமியும் உண்ணிக்காய்ச்சல் கிருமியும் இதில் வராது. காசநோய்க் கிருமி 5 நாளில் தலை காட்டாது. சில வேளை தொற்று இரத்தத்தில் இல்லாமல் ஈரலிலோ எலும்பிலோ சீழ் கட்டி இருக்கும்.

என்.எஸ்.1 நெகட்டிவ். அப்படியென்றால் டெங்கு இல்லைத்தானே?

காய்ச்சல் எத்தனையாம் நாள்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் அந்தக் கடதாசியை வாசிக்கவே கூடாது. நாளை எண்ண வேண்டியது உடம்பு சுடத் தொடங்கியதில் இருந்து. வாட்டில் சேர்த்ததில் இருந்து எண்ணினால் பிழை.

என்.எஸ்.1 என்பது டெங்கு வைரஸ் இரத்தத்தில் கொட்டும் ஒரு புரதம். முதல் மூன்று நாளில் நன்றாகப் பிடிபடும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு குறைந்துவிடும். முன்பு ஒருமுறை டெங்கு வந்தவருக்கு இன்னும் சீக்கிரம் மறையலாம். நம் உடம்பு வைரஸுக்கு எதிராகச் செய்யும் பிறபொருளெதிரியில் முதலில் வருவது ஐ.ஜி.எம். அது ஐந்தாம் நாள் அளவில்தான் எழும்பும். ஒன்று இறங்கி மற்றது ஏறாத நாளில் இரத்தம் எடுத்தால் இரண்டும் நெகட்டிவ் காட்டலாம். ஐ.ஜி.எம். இரண்டு மூன்று மாதம் தங்கவும் கூடும் என்பதால், போன மாதக் காய்ச்சலுக்கு வந்தது இந்த மாதக் காய்ச்சலில் பொசிட்டிவ் காட்டிக் குழப்பும்.

அதனால்தான் வாட்டில் என்.எஸ்.1ஐ விட எப்.பி.சி.க்கு மதிப்பு அதிகம். ஒரு நாளில் இரண்டு மூன்று தடவைகூட விரலில் குத்துவார்கள். எல்லோரும் குருதிச் சிறுதட்டு எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டு "ஒரு இலட்சத்துக்குக் கீழ போச்சுது" என்று அழுகிறார்கள். டொக்டர் அதே தாளில் இன்னொரு எண்ணையும் பார்க்கிறார், அது பி.சி.வி., இரத்தத்தில் செங்குழியங்கள் பிடிக்கும் பங்கு. இரத்தக் குழாயில் இருந்து நீர்ப்பகுதி கசிந்தால் இரத்தம் தடித்து பி.சி.வி. ஏறும். டெங்குவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் அந்தக் கசிவுதான். அது தொடங்குவதும் காய்ச்சல் விடும் நேரத்தில், நாலாம் ஐந்தாம் நாள் அளவில். "காய்ச்சல் விட்டிட்டுது, துண்டு வெட்டுங்கோ, வீட்ட போறம்" என்று அடம்பிடிப்பதும் அதே நாளில்தான்.

2017 மார்ச்சில் கிண்ணியாவை டெங்கு உலுக்கியதை நம் ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வருடம் நாடு முழுவதும் பதிவானவர்கள் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேல். அப்போது படித்த பாடம் இன்றைக்கும் அதேதான்: காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், புரூஃபனோ டிஸ்பிரினோ வேண்டாம், மூன்றாம் நாள் எப்.பி.சி.

எல்லாவற்றுக்கும் பி.சி.ஆர். செய்துவிட்டால் என்ன?

கொரோனாவுக்குப் பிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது. பி.சி.ஆர். கிருமியின் மரபணுத் துண்டு ஒன்றைப் பிடித்து, ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நாலாக்கிக்கொண்டே போகும். 30 சுற்று ஓடினால் ஒரு துண்டு நூறு கோடிக்கு மேல் ஆகிவிடும். கேரி மல்லிஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1983இல் யோசித்த வழி, பத்து வருடத்தில் நோபல் பரிசும் கிடைத்தது. டெங்கு, இன்புளுவென்சா, கொரோனா எல்லாம் ஆர்.என்.ஏ. வைரஸ்கள் என்பதால் முதலில் அதை டி.என்.ஏ.யாக மாற்றும் படி ஒன்று கூடுதலாக உண்டு.

ஆனால் நீங்கள் எதைத் தேடச் சொன்னீர்களோ அதைத்தான் அது தேடும். டெங்குவுக்கான பி.சி.ஆர். போட்டால், பக்கத்தில் எலிக்காய்ச்சல் கிருமி உட்கார்ந்திருந்தாலும் கண்ணில் படாது. செத்த வைரஸின் மிச்சத்தையும் உயிருள்ளதென்று காட்டும். எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்பதையும் பெரும்பாலும் சொல்லாது. காசநோய் இதற்கு நல்ல விதிவிலக்கு. ஜீன்எக்ஸ்பேர்ட் என்ற மெஷின் சளியில் இரண்டு மணி நேரத்துக்குள் கிருமி உண்டா என்றும், றிஃபாம்பிசின் மருந்து கேட்குமா என்றும் சேர்த்துச் சொல்லிவிடும். கல்ச்சரில் அதே கிருமிக்குச் சில வேளை எட்டுக் கிழமை போகும். ஒன்று இரண்டாகவே அதற்கு ஒரு நாளில் பெரும்பங்கு தேவை.

சிறுநீரை வீட்டில் எடுத்து பஸ்ஸில் கொண்டு வரலாமா?

கல்ச்சருக்கு என்றால், வேண்டாம். ஈ.கோலை கிருமி நல்ல சூட்டில் 20 நிமிடத்தில் இரட்டிக்கும். நாலு மணி நேரத்தில் 12 தடவை, ஒன்று 4096 ஆகிவிடும். புல்மோட்டையில் காலையில் எடுத்ததை வெயிலில் கொண்டுவந்து மத்தியானம் தந்தால் நான் எண்ணுவது உங்கள் வருத்தத்தை இல்லை, பஸ் பயணத்தை.

எண்ணும் முறையைச் சொன்னால் விளங்கும். மில்லிலீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிடிக்கும் கம்பி வளையத்தால் தட்டில் இழுப்போம். மறுநாள் 100 புள்ளி வளர்ந்திருந்தால் ஒரு மில்லிலீற்றரில் ஒரு இலட்சம் என்று கணக்கு. வழக்கமாகத் தொற்று என்று எடுக்கும் எல்லை அது. மூன்று நாலு வகை கலந்து வளர்ந்தால் எடுத்த விதம் பிழை என்று அர்த்தம். கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் லாப்புக்கு வர வேண்டும். முடியாவிட்டால் பிரிஜ்ஜில் 4 பாகையில், அதிகம் போனால் ஒரு நாள். சிறுநீர் டியூப் போட்டவருக்குப் பையில் இருந்து எடுக்கவே கூடாது.

பிழை எப்போதும் சனத்துடையது என்றும் சொல்ல மாட்டேன். நான் வேலை செய்த ஓரிடத்தில் வாட்டில் காலை ஆறு மணிக்கு எடுத்த போத்தல்கள் ஆள் வரும்வரை மேசையில் பதினொரு மணிவரை நின்றன. ஒரு மாதம் முழுக்க "மீண்டும் எடுத்து அனுப்பவும்" என்று எழுதி எழுதிக் கை வலித்த பிறகுதான் நேரம் மாறியது.

இன்னொன்று: பிரிஜ் சிறுநீருக்கு நல்லது, பிளட் கல்ச்சர் போத்தலுக்குக் கூடாது. முள்ளந்தண்டு நீரையும் கல்ச்சருக்கு என்றால் குளிரில் வைக்கக் கூடாது. மூளைக்காய்ச்சல் கிருமிகளில் சில குளிரில் செத்துவிடும்.

ஏ.பி.எஸ்.டி. தாளில் எஸ், ஆர் என்று இருக்கிறதே?

வளர்ந்த கிருமி எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்ப்பதுதான் ஏ.பி.எஸ்.டி. கிருமி பூசிய தட்டில் மருந்து ஊறிய சின்ன வட்டக் கடதாசிகளை வைப்போம். மறுநாள் மருந்து வேலை செய்த இடத்தைச் சுற்றி வளராத வெளி தெரியும். அதை மில்லிமீற்றரில் அளந்து அட்டவணையோடு ஒப்பிடுவோம். எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது. ஐ என்று வந்தால் டொக்டர் அளவை யோசிப்பார்.

பெரிய வட்டம் வந்த மருந்துதான் திறமானது என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு மருந்தும் அகாரில் பரவும் வேகம் வேறு. எஸ் உள்ளதில் எளிய மருந்தை டொக்டர் தெரிந்தால் "விலை குறைஞ்சதைத் தாறாங்கள்" என்று சண்டைக்குப் போகவும் வேண்டாம். வலுவான மருந்தைக் கடைசிக்கு மிச்சம் வைக்கிறார்.

வெள்ளாமைக்காரருக்கு என்று ஏதும் தனியாகப் பார்க்க வேண்டுமா?

ஆம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைக் கேட்பவர்கள் குறைவு.

எலிக்காய்ச்சல் பலருக்குத் தெரியும். வயல் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்து, காலில் உள்ள காயத்தால் ஏறுவது. முதல் கிழமையில் கிருமி இரத்தத்தில் இருக்கும், பிறபொருளெதிரி பிறகுதான் வரும். எம்.ஏ.டி. என்ற பரிசோதனைக்கு ஒரு தடவையும், இரண்டு கிழமை அளவில் மறு தடவையும் இரத்தம் எடுத்து ஒப்பிட்டால்தான் உறுதி. அந்த முடிவு வரும்வரை எந்த டொக்டரும் மருந்தை நிறுத்தி வைக்க மாட்டார், வைக்கவும் கூடாது.

தெரியாதது மெலியொய்டோசிஸ். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பற்றீரியா தருவது. 1911இல் ரங்கூனில் விட்மோர் என்பவர் இதைக் கண்டார். இலங்கையில் முதலில் எழுதப்பட்டது 1927இல், தேயிலைத் தரகரான ஓர் ஐரோப்பியரைப் பற்றி. அதன் பிறகு நெடுங்காலம் அபூர்வ வருத்தம் என்று ஒதுக்கி வைத்திருந்தோம். தேடத் தொடங்கிய பிறகு கிழக்கு மாகாணம் உட்படப் பல இடங்களில் கிடைக்கிறது. மாரி மழையில் வயலில் நிற்பவர், அதோடு சீனி வருத்தமும் இருப்பவர் என்றால் கவனம் வேண்டும். நிமோனியா போல வரலாம், ஈரலில் சீழ் கட்டலாம், ஆறாத புண்ணாக இருக்கலாம், மூட்டு வீங்கலாம்.

தட்டில் இது நல்ல நடிகன். சாதாரண சூடோமோனாஸ் என்ற வேறொரு பற்றீரியா போலவோ, வெளியில் இருந்து விழுந்த அழுக்கு போலவோ காட்டும். நானே ஒருமுறை "சூடோமோனாஸ் இனம்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். தட்டை எறியாமல் வைத்திருந்ததால் நாலாம் நாள் புள்ளிகள் காய்ந்த நெல்லிக்காய் போலச் சுருங்கியதைக் கண்டு, வாட்டுக்கு ஓடினேன். ஜென்டமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அசையாமல், கோ-அமொக்ஸிக்ளாவுக்கு மசியும் கிருமியைக் கண்டால் இப்போது எல்லோரும் இதை நினைக்கிறார்கள். சிலர் தட்டை மணந்து பார்த்துக் கிருமி சொல்வார்கள், பழைய பழக்கம். இதை மணந்தால் கிருமி மூச்சோடு உள்ளே போகலாம்.

மருந்தும் நீளம். இரண்டு கிழமை அளவில் நரம்பில், பிறகு மூன்று மாதமாவது குளிகை. ஆகவே வாட்டில் "என்ன தொழில்?" என்று கேட்டால் "சும்மா வீட்டில்" என்று சொல்லாதீர்கள். வெள்ளாமை, சீனி வருத்தம் என்ற இரண்டு சொல்லும் லாப் படிவத்தில் ஏறினால் நாங்கள் தட்டைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

விடால் பொசிட்டிவ் என்றால் நெருப்புக்காய்ச்சலா?

நிச்சயம் இல்லை. இரத்தத்தில் நெருப்புக்காய்ச்சலுக்கான பிறபொருளெதிரியைத் தேடும், 1896இல் வந்த பரிசோதனை அது. முன்பு வந்த தொற்றுக்கும் தடுப்பூசிக்கும்கூடப் பொசிட்டிவ் காட்டும். கல்ச்சர்தான் சாட்சி.

நாய் கடித்துவிட்டது. இரத்தத்தில் விசர் இருக்கிறதா என்று பார்க்கலாமா?

முடியாது. அறிகுறி வருமுன் மனிதரில் விசர்நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை எதுவும் இல்லை, அறிகுறி வந்த பின் பார்த்தும் ஆளைக் காப்பாற்றுவது கிட்டத்தட்ட இயலாது. சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி இலவசம். பரிசோதனை செய்வது நாய்க்கு, அதுவும் அது செத்த பிறகு மூளையில்.

மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பினோம் என்கிறார்களே, தொலைந்துபோகாதா?

சில பரிசோதனைகளை ஒவ்வொரு ஊரிலும் செய்வது நியாயமில்லை. ஆட்கள் குறைவு, இரசாயனம் காலாவதியாகும், கைப்பழக்கமும் விட்டுப்போகும். பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம், எல்லோரும் எம்.ஆர்.ஐ. என்று சொல்வது, 1900இல் இருந்து இந்த வேலையைச் செய்கிறது. ஏறத்தாழ 260 கிலோமீற்றர் போக வேண்டும் என்பதால் மூன்றடுக்குப் பொதியில் குளிர்ப்பெட்டிக்குள் வைத்து அனுப்புவோம். தொலைவதை விட, பெயரோ திகதியோ இல்லாமல் போய் நிராகரிக்கப்படுவதுதான் நடக்கும். இரத்தம் எடுக்கும்போது போத்தலில் உங்கள் பெயர் ஒட்டுகிறார்களா என்று நீங்களே ஒரு கண் பாருங்கள். கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

பொசிட்டிவ் என்றால் நல்லதுதானே?

தேடியது கிடைத்தது என்று அர்த்தம், அவ்வளவுதான். மூக்கில் பஞ்சு விட்டு எடுத்ததில் எம்.ஆர்.எஸ்.ஏ. (பல மருந்துக்கு மசியாத ஒரு பற்றீரியா) பொசிட்டிவ் என்று வந்தவருக்கு வருத்தமே இல்லாமலும் இருக்கலாம். கிருமி அங்கே குடியிருக்கிறது. பக்கத்துக் கட்டிலுக்குப் போகாமல் இருக்க அவரைத் தனியே வைக்கிறார்கள், தண்டனை இல்லை. அவரைப் பார்க்கப் போனால் கை கழுவிவிட்டு வாருங்கள்.

எச்.ஐ.வி.க்கு ஒரு தடவை நெகட்டிவ் வந்ததும் மனம் ஆறிவிடக் கூடாது. சம்பவம் நடந்து சில கிழமைக்குள் எடுத்தால் பிடிபடாமல் போகலாம். கிளினிக்கில் மறு திகதி தருவார்கள், அதற்குப் போக வேண்டும். ஆட்கள் அறிவார்களோ என்ற பயம் வேண்டாம், அங்கே இரகசியம் காப்பார்கள்.

மலேரியாதான் நாட்டில் இல்லையே, ஏன் இரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்க்கிறார்கள்?

2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று சான்று கிடைத்தது உண்மை. இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய் வந்தவர் அதைக் கொண்டுவரலாம், கடிக்க நுளம் இன்னும் இங்கே இருக்கிறது. எங்கே போய் வந்தீர்கள் என்று சொல்லுங்கள்.

பழைய ரிப்போர்ட்டுகளை வைத்திருக்க வேண்டுமா?

கல்ச்சர், ஏ.பி.எஸ்.டி. தாள்களைக் கட்டாயம். போன வருடம் உங்கள் சிறுநீரில் எந்த மருந்துக்கும் லேசில் மசியாத கிருமி வளர்ந்திருந்தால், இந்த வருடம் காய்ச்சலோடு வரும்போது முதல் மணி நேரத்திலேயே டொக்டர் அதை வைத்து மருந்தைத் தெரிவார். மெஷின் வழவழக் கடதாசியில் அடித்துத் தருவது சில மாதத்தில் வெளிறிவிடும், போனில் படம் எடுத்து வையுங்கள். படத்தில் திகதி வெட்டுப்படாமல் பாருங்கள். திகதி இல்லாத ரிப்போர்ட்டோடு என் கேற்றடிக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "இது காய்ச்சல் எத்தனையாம் நாள் எடுத்தது, தம்பி?"